நவாபு பெயரில் கடன், ஏழாயிரம்பண்ணையில் வசூல்

அடையாளத் திருட்டு என்று சைபர் கிரைம் போலீஸ் இன்று சொல்லும் தொழில், ஓடிபியும் ஆதார் ஜெராக்ஸும் இல்லாத காலத்திலேயே நம் சீமையில் அமோகமாக நடந்திருக்கிறது. அன்று களவு போன பெயர் ஆற்காடு நவாபுடையது. பணம் கட்டியவர்களில் ஏழாயிரம்பண்ணைக் கரிசல்காட்டுச் சம்சாரியும் ஒருவர்.

நவாபு முகமது அலி வாலாஜா 1768-இல் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டினார். அரண்மனையைவிடப் பிரமாண்டமாக அவர் கட்டி எழுப்பியது கடன். கிழக்கிந்தியக் கம்பெனியின் குமாஸ்தாக்கள் பகலில் கம்பெனிக்குக் கணக்கு எழுதுவார்கள், பொழுது சாய்ந்தால் நவாபுக்கு வட்டிக்கு விடுவார்கள். வட்டி ஒரு காலத்தில் நூற்றுக்கு முப்பதைத் தாண்டி ஓடியது. மீட்டர் வட்டியைக் கண்டுபிடித்தது நாம்தான் என்று இனி யாரும் பெருமை பேச வேண்டாம்.

இந்தக் கூட்டத்தின் மன்னாதி மன்னன் பால் பென்ஃபீல்ட். சொற்பச் சம்பளக்காரர். 1776-இல் இவர் கம்பெனி கவுன்சிலுக்கு வந்து, தஞ்சாவூர் வருமானத்தில் தனக்கு ஏறக்குறைய 2,30,000 பவுன் வர வேண்டும் என்றார். ரசீது எங்கே என்றால் ரசீது இல்லை. கவர்னர் பிகட் இதற்கெல்லாம் இடம் கொடுக்கவில்லை. உடனே என்ன செய்தார்கள்? பென்ஃபீல்டையா பிடித்தார்கள்? கவுன்சில்காரர்கள் கவர்னரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். மறு வருஷம் அவர் காவலிலேயே செத்துப்போனார். பென்ஃபீல்ட் 1780-இல் இங்கிலாந்து பாராளுமன்ற உறுப்பினர் ஆனார். நம்மூர் அரசியல்வாதிகளைப் பற்றிக் குறைப்படுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானித்துக்கொள்ளலாம்.

1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் அதே பாராளுமன்றத்தில் எழுந்து, நவாபு கடன் என்பதே பகல் கொள்ளை என்று மணிக்கணக்கில் வெளுத்து வாங்கினார். சபை கேட்டது, கலைந்தது. கடன்கள் விசாரணையே இல்லாமல் நல்ல கடன் ஆயின.

கட்டுவது யார் என்பதுதான் மிச்சம். 1792 உடன்படிக்கைப்படி நவாபு தனியார் கடன்காரர்களுக்காக வருஷம் 6,21,105 வராகன் ஒதுக்க வேண்டும். பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமையைக் கம்பெனி எடுத்துக்கொண்டு, அதை நவாபு கணக்கில் வரவு வைக்கும். ஏழாயிரம்பண்ணையும் ஒரு பாளையம். அங்கே பேச்சு இப்படித்தான் நடந்திருக்கும்:

“யாரு வாங்குன கடன் சாமி?”

“நவாபு.”

“நாங்க அவரப் பாத்ததே இல்லையே.”

“அவரும் உங்களப் பாத்ததில்ல. கிஸ்தியக் கட்டு.”

கிஸ்தி பற்றிச் சிவாஜி திரையில் முழங்கியதற்குக் கைதட்டிய நாம், அந்தப் பணம் எந்தப் பொந்துக்குள் போனது என்று கேட்கவே இல்லை. 1799-இல் கட்டபொம்மன் பக்கம் நின்றதற்காக ஏழாயிரம்பண்ணைப் பாளையத்தையும் மேஜர் பானர்மன் பறிமுதல் செய்தார்.

உண்மையான கூத்து இதற்குப் பிறகுதான். 1801-இல் நவாபின் ஆட்சிப் பகுதியான கர்நாடகத்தையே விழுங்கிய கம்பெனிக்கு, அவருடைய கடனும் சேர்ந்தே தொண்டைக்குள் இறங்கியது. இனிக் கட்டப்போவது தன் பணம் என்றதும் சட்டென்று நியாயம் பிறந்து, 1805-இல் பத்திரங்களைச் சரிபார்க்கக் கமிஷன் போட்டார்கள். வந்து குவிந்த பத்திரங்களின் தொகை 3 கோடி பவுனைத் தாண்டியது. கால் நூற்றாண்டு தோண்டித் துருவியதில் தேறியது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மற்றதெல்லாம் தள்ளுபடி. செத்துப்போன நவாபு பெயரில் கையெழுத்தும் முத்திரையும் போட்டு வீட்டுக்கு வீடு கடன் பத்திரம் தயாரித்திருக்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்கச் சென்னைக் கமிஷன் வேலைக்கு வைத்த ஆள் ரெட்டி ராவ், நவாபின் பழைய கணக்கு உத்தியோகஸ்தர். அவரிடமே போலிப் பத்திரம் இருப்பதாக வழக்கு வந்து, ஜூரியும் குற்றவாளி என்றது. கவர்னர் பார்லோவின் அரசு அப்போதும் அவரைத் தாங்கிப் பிடித்தது.

‘என் பெயரில் யாருக்கும் கடன் கொடுக்காதே’ என்று பூட்டுப் போடும் வசதி நவாபுக்கு இல்லை. அந்தப் பூட்டை அமெரிக்காவில் கலிபோர்னியா 2003-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. உங்கள் கடன் வரலாற்றை முடக்கிவைத்தால் புதிதாகக் கடன் கொடுக்க வருகிறவர் அதைப் பார்க்க முடியாது. பார்க்காமல் கொடுக்கவும் மாட்டார். பல மாநிலங்களில் அதற்குக் கட்டணம் வேறு. 2017-இல் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபாக்ஸிலிருந்து 14 கோடிப் பேருக்கு மேல் விவரம் களவு போனபிறகுதான், 2018 செப்டம்பர் முதல் நாடு முழுக்க இலவசம் என்று சட்டம் வந்தது. கஜானாவைக் கோட்டை விட்டவனுக்கே பூட்டுக்கூலி கொடுத்துக்கொண்டிருந்தார்கள் அதுவரை.

இந்தியாவில் கடன் தகவல் நிறுவனங்களுக்கு 2005-லேயே சட்டம் போட்டாயிற்று. நமக்குப் பூட்டுரிமை மட்டும் அதில் இல்லை. உங்கள் அறிக்கையை யாராவது எடுத்துப் பார்த்தால் எஸ்எம்எஸ் வர வேண்டும், புகாரை 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. திருடன் வந்துபோனதும் மணி அடிக்கும், அவ்வளவுதான்.

ஆகவே தீப்பெட்டி ஆபீஸ், பயர் ஆபீஸ் சம்பளத்தை நம்பிக் குழுக்கடனுக்கு ஜெராக்ஸ் கொடுத்திருக்கும் அக்காமார்களே, அண்ணாச்சிமார்களே: சிபில், ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹைமார்க் என நாலு இடத்திலும் வருஷத்துக்கு ஒருமுறை முழு அறிக்கை இலவசம். வாங்கிப் பாருங்கள். நீங்கள் வாங்காத கடன் அதில் இருந்தால் அன்றைக்கே புகார் எழுதுங்கள். கமிஷன் போடும்வரை காத்திருக்க வேண்டாம்.