ஒரு பக்கம் ஊமையானால்…

கேள்வி: பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் வாங்கினேன். இடப்பக்கம் சத்தமே இல்லை. ‘ஐ.சி. போயிருக்கும்’ என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?

பதில்: விசாரணைக்கு முன்பே தண்டனை வேண்டாம். செட்டை அணைத்துவிட்டு ஸ்பீக்கர் வயர்களை இடம் மாற்றுங்கள். அதே ஸ்பீக்கர் ஊமையாக இருந்தால் குற்றம் ஸ்பீக்கருடையது, அல்லது அதன் வயருடையது. மௌனம் மறு ஸ்பீக்கருக்குத் தாவினால் இன்புட் வயர்களை இடம் மாற்றுங்கள். பழுதும் பக்கம் மாறினால் பிளேயரையோ கேபிளையோ பாருங்கள். மாறாவிட்டால்தான் ஆம்ப்ளிஃபயர். அதிலும் முதலில் சந்தேகிக்க வேண்டியவை வால்யூம், பேலன்ஸ் கண்ட்ரோல்களும் ஸ்பீக்கர் ரிலேயும். பழைய செட்டுகளில் இவற்றின் காண்டாக்ட் கறுத்து ஒலி அறுபடுவது சகஜம். குமிழைத் திருப்பும்போது கரகரவென்று ஒலி வந்து போனால் அதுவே சாட்சி. ‘அனுபவசாலி சொல்கிறாரே’ என்பீர்கள். ஐ.சி.யும் போகும், உண்மைதான். ஆனால் நன்றாகப் பாடும் வலப்பக்கத்திலும் இருப்பது அதே சர்க்யூட். இரு பக்க வோல்டேஜையும் அளந்து ஒப்பிடச் சொல்லுங்கள். வித்தியாசம் தெரிந்தபின் மாற்றுங்கள்.