ஓர் ஆள் முதலாளி

தில்லியில் முனிர்க்கா, ஆர்.கே.புரம் பக்கம் உங்களுக்கு ஒரு தமிழ் எலெக்ட்ரீஷியன் வாய்த்திருந்தால், அவர் முதலாளியான நாளைப் போனிலேயே கண்டுபிடித்துவிடலாம். நேற்றுவரை "பத்து நிமிஷத்துல வரேன் சார்" என்றவர், இன்று "ஸ்டாஃப்கிட்ட சொல்றேன் சார்" என்பார். ஸ்டாஃப் என்பது பீகாரிலிருந்து வந்த ஒரே ஒரு பையன். அண்ணன் வாயில் மட்டும் அவன் எப்போதும் பன்மை: "ஆளுங்க எல்லாம் சைட்ல இருக்காங்க."

இன்னொருவரிடம் வேலை பார்த்த காலத்தில், முதலாளிகள் எல்லாரும் ரத்தம் உறிஞ்சுகிறவர்கள் என்பது அண்ணனின் கொள்கை. ஆள் வைத்த மறுநாள் காலையே, "இந்தக் காலத்துப் பசங்களுக்கு வேலையில அக்கறையே இல்ல சார்" என்றார்.

பையனை, கூலியாட்கள் வேலைக்காகக் காத்து நிற்கும் லேபர் சௌக்கில்தான் பிடித்தார். நேர்முகத் தேர்வில் இரண்டே கேள்வி. வயரிங் தெரியுமா? தெரியும். வேலை நேரத்தில் மொபைல் பார்ப்பாயா? மாட்டேன். இரண்டும் பொய் என்று இருவருக்குமே தெரிந்ததால் அங்கேயே ஒப்பந்தம் முடிந்தது.

முதன்முதலாக ஒரு கீசர் மாட்ட அவனைத் தனியே அனுப்பினார். பையன் மாடி ஏறுவதற்குள் மூன்று போன். "மெயின் பந்த் கியா?" பிறகு வீடியோ காலில் சுவிட்ச்போர்டைக் காட்டச் சொன்னார். அதிலும் நம்பிக்கை வராமல் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டு தானே போய்விட்டார். அண்ணன் ஏணியில் நின்று துளை போட, பையன் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு மொபைல் பார்த்தான். "ரெண்டு பேர் வந்தா ரெண்டு சார்ஜா?" என்றார் வீட்டுக்கார அம்மா. "ஸ்டாஃபுக்கு ட்ரெயினிங் மேடம், ஃப்ரீ" என்றார் அண்ணன்.

சம்பளக் கணக்குதான் இவருடைய மேதைமை விளங்கும் இடம். தில்லி அரசு 2025 ஏப்ரலில் நிர்ணயித்த குறைந்தபட்ச மாதக் கூலி, தேர்ச்சியற்றவருக்கு 18,456 ரூபாய், ஓரளவு தேர்ச்சி உள்ளவருக்கு 20,371, தேர்ச்சி பெற்றவருக்கு 22,411. பில் போடும்போது பையன் எக்ஸ்பர்ட். சம்பளம் போடும்போது டெஸ்டர் பிடிக்கத் தெரியாதவன். கையில் வருவது 12,000. கேட்டால், "அந்தச் சட்டமெல்லாம் பெரிய கம்பெனிக்கு சார்" என்பார். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்போ பெரிய கம்பெனி, சின்னக் கடை என்று பிரித்துப் பார்ப்பதில்லை. மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும் என்றும் சொல்கிறது. அண்ணனும் ஏழாம் தேதிதான் தொடங்குவார். ஏழில் ஐந்நூறு, பதினொன்றில் ஆயிரம், பாகீரத் பேலஸ் மார்க்கெட்டில் வயர் வாங்கிய மிச்சத்தில் ஒரு முந்நூறு என யூபிஐ மணி அடித்துக்கொண்டே இருக்கும். பாக்கி தீரும்போது அடுத்த ஏழாம் தேதி வந்து நிற்கும். தன் பழைய முதலாளி சம்பளத்தை இழுத்தடித்த கதையை இதற்கு நடுவிலும் கண் கலங்கச் சொல்வார்.

இப்படிப்பட்டவரை வழிக்குக் கொண்டுவந்தது லேபர் இன்ஸ்பெக்டர் அல்ல, பீகாரிகளின் பண்டிகையான சத் பூஜை. தீபாவளி போனஸை வாங்கிக்கொண்டு, "உஸ்தாத், பத்து நாள் சுட்டி" என்று லீவு சொல்லிவிட்டுப் பையன் ரயிலேறினான். பத்து இருபதானது. அவன் போன் ஸ்விட்ச் ஆஃப். வாடிக்கையாளர்களோ, "நீங்க வேண்டாம், அந்தப் பையனையே அனுப்புங்க, சுவரை உடைக்காம வேலை செய்றான்" என்றார்கள். இருபத்தோராம் நாள் பையனே கூப்பிட்டான். ஊர்க்காரர் ஒருவர் குருகிராமில் வேலை தருவதாகச் சொல்கிறாராம். அண்ணன் மூச்சு வாங்காமல், "பதினெட்டாயிரத்து நானூற்றைம்பத்தாறு" என்றார். ரூபாய் குறையாமல் அந்தத் தொகை அவருக்கு அத்தனை நாளும் மனப்பாடமாகத்தான் இருந்திருக்கிறது!