36 மணி நேர மானம்

மீஞ்சூர் மார்க்கெட்டில் மீன் விற்கும் அக்காக்கள் பேசுவதைப் போலீஸ் ஒரு நாள் காது கொடுத்துக் கேட்டால் போதும், காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கும் முன்னால் புழல் சிறையை விரிவாக்க வேண்டிவரும். "இன்னாக்கா, இறாலு இத்தினியூண்டு இருக்குது?" என்று கேட்ட ஒருவருக்குக் கிடைத்த பதில்: "பவர் அவுஸ் சுடுதண்ணியில பாதி வெந்துதான் வருது. நீ ஊட்டுக்குப் போயி தாளிச்சாப் போதும்." கூடையைச் சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அனல்மின் நிலையத்தின் மானம் கப்பலேறிவிடவில்லை. அக்காவும் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தார்.

அதே வசனத்துக்கு மெட்டுப் போட்டு, கேமரா முன்னால் பாடி, யூடியூபில் ஏற்றியிருந்தால் கதையே வேறு. அப்படி ஒரு கதை நம் விழுப்புரம் மாவட்டம் வரை வந்துவிட்டுப் போனது.

2025 மார்ச் 23 அன்று மேடைச் சிரிப்புக்காரர் குணால் காம்ரா ஒரு காணொளி போட்டார். அதில் ஒரு பழைய இந்தி சினிமா மெட்டில், கட்சியை உடைத்துக்கொண்டு போன ஓர் அரசியல்வாதியைத் துரோகி என்னும் நையாண்டிப் பாட்டு. பெயரைச் சொல்லவில்லை. சொல்லாமலே அது மகாராஷ்டிரத் துணை முதல்வர் ஏக்நாத் ஷிண்டேதான் என்று அவருடைய கட்சிக்காரர்களுக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. துரோகி என்றதும் தலைவர் முகம்தான் நினைவுக்கு வந்தது என்றால், அவதூறு செய்தது பாட்டா, தொண்டர்களின் ஞாபகசக்தியா? இதை யாரும் விசாரிக்கவில்லை. அன்று இரவே போய், நிகழ்ச்சி நடந்த மும்பை அரங்கை அடித்து நொறுக்கினார்கள். மறுநாள் மாநகராட்சி ஆட்கள் சுத்தியலோடு வந்து, விதிமீறல் கட்டுமானம் என்று மிச்சத்தில் கொஞ்சம் இடித்தார்கள். நாற்காலிகளும் சுவர்களும் செய்த அவதூறுக்கு உடனடித் தீர்ப்பு!

காம்ரா அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் குடியிருந்தார். சென்னை உயர் நீதிமன்றம் மார்ச் 28 அன்று இடைக்கால முன்ஜாமீன் கொடுத்து, வானூர் மாஜிஸ்திரேட் முன்பு பிணைப் பத்திரம் எழுதிக் கொடுக்கச் சொன்னது. நிலத்தகராறும் அடிதடியும் வந்து போகும் கோர்ட்டுக்கு மகாராஷ்டிரத் துணை முதல்வரின் மானமும் வந்து சேர்ந்தது. ஏப்ரலில் பம்பாய் உயர் நீதிமன்றமும் கைதுக்குத் தடை போட்டது. விசாரிக்க வேண்டுமானால் முன்கூட்டித் தகவல் சொல்லிவிட்டு சென்னைக்குப் போய் விசாரியுங்கள் என்றது. ஒரு பாட்டின் பொருள் கேட்க ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் போலீஸ் பயணம். உரை எழுதிய புலவர்களுக்குக்கூடக் கிடைக்காத மரியாதை இது.

"அது மும்பை. இது பெரியார் மண், இங்கே கருத்துக்குத் தடையில்லை" என்று நெஞ்சை நிமிர்த்துகிறவர்கள் சற்றே உட்காருங்கள். 1987-ல் ஆனந்த விகடன் அட்டையில் எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் கிண்டல் செய்து ஒரு ஜோக் வந்தது. ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்கு நம் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. நாடே கொதித்த பிறகுதான் அவரை வெளியே விட்டார்கள். 2015-ல் டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பாடிய கோவன்மீது தேசத்துரோக வழக்கு. சாராயக் கடைதான் தேசம் என்பது அன்றைக்குத்தான் நமக்குத் தெரிந்தது. 2017 அக்டோபரில் கந்துவட்டிக் கொடுமை தாளாமல் நெல்லை கலெக்டர் அலுவலக வாசலில் ஒரு குடும்பமே தீக்குளித்துச் செத்தது. அந்தக் கொடுமையைக் கார்ட்டூனாகப் போட்ட பாலாவை நவம்பர் 5 அன்று வீடு தேடி வந்து கைது செய்தார்கள். கந்துவட்டிக்காரனைப் பற்றி வந்த மனுக்கள் நகராத அதே அலுவலகத்திலிருந்து, கார்ட்டூனைப் பற்றிய புகார் சிட்டாகப் பறந்தது.

ஆட்சி மாறும், அரியணை ஏறியவருக்குத் தோல் மெலிவது மட்டும் மாறாது. எதிர்க்கட்சி வரிசையில் இருக்கும்போது கருத்துச் சுதந்திரத்துக்குத் தொண்டை கிழியக் கத்துவார்கள். கோட்டைக்குள் நுழைந்ததும் கார்ட்டூனிஸ்டின் முகவரியை விசாரிப்பார்கள்.

கணக்கு வேண்டுமா? 2011 முதல் ஐந்தாண்டில் தமிழ்நாடு அரசு போட்ட அவதூறு வழக்குகள் 213 என்று 2016-ல் உச்ச நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. பொதுவாழ்வில் இருப்பவர் விமர்சனத்தைத் தாங்கத்தான் வேண்டும் என்று நீதிபதிகள் குட்டினார்கள். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. உங்களையோ என்னையோ ஒருவர் அவதூறாகப் பேசினால், நாம் சொந்தக் காசில் வக்கீல் வைத்து, மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நடையாய் நடக்க வேண்டும். மந்திரியின் பதவிச் செயலைப் பற்றிப் பேசினால், அரசு அனுமதியோடு அரசு வக்கீலே நேராக செஷன்ஸ் கோர்ட்டில் வழக்குப் போடலாம். வக்கீல் சம்பளம் நம் வரிப்பணம். அதாவது, மந்திரியைக் கேலி செய்தவனைத் துரத்தும் செலவில் கேலி செய்தவனின் பங்கும் இருக்கிறது. 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் இந்து என்.ராம், நக்கீரன் கோபால் உள்ளிட்டோர் மீதிருந்த இப்படிப்பட்ட வழக்குகளை ரத்து செய்து, ஜனநாயகத்தின் குரல்வளையை நெரிக்க அரசு இந்தச் சட்டத்தைப் பயன்படுத்தக் கூடாது என்றது. தீர்ப்பு வந்தது. ஆனால் எட்டாண்டு வாய்தாவுக்கு அலைந்த பஸ் காசை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது. இந்த வழக்குகளில் தண்டனை கடைசியில் வருவதில்லை; சம்மன் வந்த நாளிலேயே தொடங்கிவிடுகிறது.

டெல்லிக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே. கை கால் விலங்கோடு இந்தியர்களை அமெரிக்கா திருப்பி அனுப்பியபோது, விலங்கிட்ட பிரதமரை டிரம்ப் பக்கத்தில் உட்கார வைத்து 2025 பிப்ரவரியில் விகடன் ப்ளஸ் ஒரு கார்ட்டூன் போட்டது. வரையப்பட்ட விலங்கைப் பார்த்துத் துடித்தவர்கள், நிஜ விலங்கைப் பார்த்துத் துடித்ததாகச் செய்தியில்லை. ஒரே ஒரு படத்துக்காக, 1926-ல் தொடங்கிய விகடனின் மொத்த இணையதளமும் முடங்கியது. மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திறக்கச் சொன்னது, அதுவும் அந்தப் படத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டு.

இனி எங்கள் பக்கத்துக் கடற்கரைக்கு வருவோம். காட்டுப்பள்ளித் துறைமுகம் 2018 முதல் அதானி குழுமத்தின் கையில் இருக்கிறது. 330 ஏக்கரை 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டம் வந்தது. பழவேற்காடு வரையுள்ள மீனவ ஊர்கள் எதிர்த்தன. கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு 2021 ஜனவரியில் தேதி குறித்தார்கள். கொரோனா என்று தள்ளிப்போனது. 2023 செப்டம்பரில் மறுபடி குறித்தார்கள், மறுபடி தள்ளிப்போனது. சொல்ல வாய் திறந்தவர்கள் திறந்தபடியே நிற்கிறார்கள்.

அதே குழுமத்தின் மானத்துக்கு ஒரு கீறல் விழுந்தபோது நடந்த வேகத்தைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 6 அன்று, சில பத்திரிகையாளர்கள்மீது அதானி எண்டர்பிரைசஸ் போட்ட வழக்கில், டெல்லி ரோகிணி நீதிமன்றம் எதிர்த்தரப்பைக் கேட்காமலே தடை உத்தரவு போட்டது. செப்டம்பர் 16 அன்று ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 138 யூடியூப் காணொளிகளையும் 83 இன்ஸ்டாகிராம் பதிவுகளையும் பட்டியலிட்டு, 36 மணி நேரத்தில் நீக்கச் சொல்லி நோட்டீஸ் அனுப்பியது. வழக்கில் பெயரே இல்லாத நையாண்டிக்காரர்கள் ஆகாஷ் பானர்ஜியும் நம்ம வானூர் காம்ராவும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். தனியார் கம்பெனி போட்ட வழக்குக்கு அமைச்சகமே அமீனா வேலை பார்த்தது. இரண்டே நாளில் மேல்முறையீட்டு நீதிபதி, கேட்காமல் கொடுத்த உத்தரவு செல்லாது என்று நான்கு பத்திரிகையாளர்களுக்கு நிவாரணம் தந்தார். சட்டத்தில் மனசாட்சி இன்னும் மிச்சமிருக்கிறது. அதையும் பைசா செலவழித்து மேல்முறையீடு செய்தவர்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

கம்பெனிக்கு மானம் போனால் எதிராளியைக் கேட்காமலே தீர்ப்பு. மீனவனுக்குப் பிழைப்பே போனாலும் அவனைக் கேட்கக் கூட்டம்கூடக் கூடாது. எனக்கு எரிச்சல் இந்த ஒன்றில்தான்.

அவதூறே கிடையாதா, யூடியூபில் வாய்க்கு வந்ததைப் பேசலாமா என்று கேட்பீர்கள். பேசக் கூடாது. பெண்களை ஆபாசமாகத் திட்டிவிட்டு அதற்கு நையாண்டி என்று பெயர் வைக்கிறவனுக்காக இங்கே யாரும் வாதாடவில்லை. ஆனால் படத்தை வெட்டி ஒட்டி மானத்தை வாங்கியதாக ஒரு சாதாரணப் பெண் புகார் கொடுத்தால், அவளுக்காக எந்த அமைச்சகம் 36 மணி நேரக் கெடு வைக்கிறது? யாருக்கு நிஜமாகவே காயம் படுகிறதோ அவர்களுக்கு இந்தச் சட்டம் எட்டாக்கனி. காண்டாமிருகத் தோல்காரர்களுக்குத்தான் களிம்பு. புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவில் அவதூறுக்கு இரண்டாண்டு சிறை அப்படியே இருக்கிறது. கூடுதலாகச் சமூக சேவை என்று ஒரு தண்டனையும் சேர்த்திருக்கிறார்கள். அந்தச் சேவை எங்கள் கரைக்குப் புதிதல்ல. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய் மாசு எதுவும் இல்லை என்று காமராஜர் துறைமுகம் முதலில் அறிக்கை விட்டது. அந்த 'இல்லாத' எண்ணெயை எர்ணாவூர்க் கரையில் வாளி வாளியாக அள்ளியவர்கள் மீனவர்களும் இளைஞர்களும்தான். யாரையும் அவதூறு செய்யாமலே தண்டனையை முன்கூட்டி அனுபவித்துவிட்டார்கள்.

ஆகவே மீனவ ஊர்களுக்கு இலவசமாக ஒரு சட்ட ஆலோசனை. அவதூறுச் சட்டத்தில் கம்பெனிக்கு மானம் உண்டு, மக்கள் கூட்டத்துக்கும் உண்டு. ஆற்றுக்கும் ஏரிக்கும் கிடையாது. எனவே கொசஸ்தலை ஆற்றுக்காக மனுப் போடாதீர்கள், தள்ளுபடியாகும். உங்கள் மானத்துக்காகப் போடுங்கள். 1996-ல் ஒன்றிய அரசு ஏற்ற கடலோர மண்டல வரைபடத்தில் இருந்த எண்ணூர்க் கழிமுகம் பிறகு புழங்கிய வரைபடத்தில் காணாமல் போனது. எண்ணெய் கொட்டிய கடலில் எண்ணெய் இல்லை என்றார்கள். அப்படியானால், இல்லாத ஆற்றில் மீன் பிடித்ததாகவும், இல்லாத எண்ணெயை அள்ளியதாகவும் சொல்லும் எங்களை ஊரறியப் பொய்யர்கள் ஆக்கிவிட்டார்கள் என்று எழுதுங்கள். நிவாரணம் என்ற இடத்தில், 36 மணி நேரத்துக்குள் நீக்க உத்தரவிட வேண்டும் என்று கேளுங்கள். நீக்க வேண்டியவை பட்டியலில் காணொளி எதுவும் வேண்டாம். செப்பாக்கத்தில் அனல்மின் நிலையம் கொட்டிய சாம்பல் என்று மட்டும் போடுங்கள்.