ஈரோட்டில் பேர் தெரியாத காலேஜ்

ஓஹியோ,
மாசி மாதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே பனி இன்னும் விட்டபாடில்லை. வாசலில் கோலம் போடற ஆசையை மார்கழியிலேயே பனியோட சேர்த்து வழிச்சுப் போட்டாச்சு.

போனில் நீங்க கேட்டதுக்கு அன்னிக்கே பதில் சொல்லியிருப்பேன். நங்கை பக்கத்துல இருந்தாங்கன்னு விட்டுட்டேன். "ஏனம்மணி, புள்ள கெமிஸ்ட்ரி படிக்கோணும்னா பெரிய யுனிவர்சிட்டி எத்தனை இருக்குது! ஓபர்லினாமா? ஈரோட்டுல ஒருத்தனுக்கும் தெரியலையே!" தாய்மாமன் கேட்காம வேற யார் கேட்பாங்க?

ஈரோட்டுக்குத் தெரியாட்டிப் போகுது, உங்க அடுப்படிக்குத் தெரியும். நங்கையோட இட்லிப் பானை அலுமினியம்தானே? அது ஒரு காலத்துல பணக்காரங்க மட்டும் வாங்கற உலோகம். ஓபர்லின்ல 1885-இல் படிச்சு முடிச்ச சார்லஸ் மார்ட்டின் ஹால், அடுத்த பிப்ரவரியில வீட்டுக்குப் பின்னாடி விறகுக் கொட்டாயில பேட்டரியை வச்சுக்கிட்டு, உருக்கின கிரையோலைட்டுல மின்சாரம் விட்டு அலுமினியத்தைப் பிரிச்சு எடுத்தான். வயசு 22. சல்லிசா எடுக்க வழி கண்டுபிடிக்கறவன் பெரும் பணக்காரன் ஆவான்னு உசுப்பேத்தினது கெமிஸ்ட்ரி வாத்தியார் ஜூவெட். கூட நின்னு உதவினது அக்கா ஜூலியா. அவங்களும் அங்கேயே கெமிஸ்ட்ரி படிச்சவங்க. (அக்காமாருக்கு இதுல பேர் வரலீங்க, எப்பவும் போல.) அதே வருசம் பிரான்சுல எரூ தனியா இதையே கண்டுபிடிச்சார். நம்ம மேட்டூர் மால்கோ ஆலையில அலுமினியம் எடுத்ததும் இந்த முறையிலதான். காலேஜுல ஹாலுக்கு அலுமினியத்துலயே சிலை இருக்குது. கனம் கம்மிங்கறதால பசங்க அடிக்கடி தூக்கிட்டுப் போய் வேற இடத்துல வச்சாங்களாம். இப்பக் கல்லோட சேர்த்து ஒட்டிட்டாங்க.

பெரிய யுனிவர்சிட்டியில முதல் வருசம் நூத்துக்கணக்கான பேரோட உக்காரணும். லேப்ல சொல்லிக் கொடுக்கறது பெரும்பாலும் பிஎச்டி பசங்க. ஓபர்லின்ல கெமிஸ்ட்ரிக்குப் பிஎச்டியே கிடையாது. அதனால புரொபசருக்கு ஆராய்ச்சிக்கு ஆள் வேணும்னா உங்க மருமகதான் கதி. என்எம்ஆர்ங்கற காந்த மிசின்ல, பென்சிலை விட மெலிசான கண்ணாடிக் குழாயில மருந்தை ஊத்தி இவளே இறக்கறா. உள்ளே போறதுக்கு முன்னாடி ஏடிஎம் கார்டை வெளியே வச்சுடணும், காந்தம் அழிச்சுடுமாம். மாசக் கடைசியில அந்த அக்கவுண்டுல அழிக்க ஒண்ணும் இருக்காதுங்கறது வேற விசயம்.

ஓரிகான்ல ரீட் காலேஜ் இன்னும் ஒரு படி மேல. 1968-லிருந்து அணு உலையே வச்சிருக்காங்க. லைசென்ஸ் வாங்கி ஓட்டறது இளங்கலைப் பசங்க, இலக்கியம் படிக்கறவங்களும் சேர்த்து. நீங்க பையன்கிட்ட டிராக்டர் சாவியைத் தந்தாச்சுங்களா?

கெமிஸ்ட்ரியோட சேர்த்து இவ படிக்கற சரித்திரமும் சங்கீதமும் எதுக்குன்னு அடுத்துக் கேட்பீங்க. கே.பி.சுந்தராம்பாள் பிறந்த கொடுமுடியில இருந்துக்கிட்டு சங்கீதம் எதுக்குன்னு கேட்காதீங்கண்ணா. ஓபர்லின்ல மில்லிகன்னு ஒருத்தர் கிரேக்கம் படிச்சுக்கிட்டு இருந்தப்ப, கிரேக்க வாத்தியாரே அவரைப் பிசிக்ஸ் பாடம் நடத்தச் சொல்லிட்டாராம். அவர் பிசிக்ஸ்ல நோபல் வாங்கினது 1923-இல்.

குறையும் உண்டு. துறை சின்னது, பெரிய பாடம் சிலது ஒரு வருசம் விட்டு ஒரு வருசம்தான் நடக்கும். இன்ஜினியரிங் டிகிரி வேணும்னா வேற காலேஜையும் சேர்த்துக்கிட்டு அஞ்சு வருசம். கட்டணத்தை எழுதினா உங்களுக்குப் பிரஷர் ஏறும், எழுதலை.

என் மருமகனுக்கும் இப்படி ஒரு காலேஜ் பார்க்கறதா இருந்தா ரேங்க் பட்டியலை மூடி வச்சுடுங்க. கடைசி ரெண்டு வருசத்துல அந்தத் துறையில நிஜமா நடந்த பாடம் எது, மிசினைத் தொடறது யாருன்னு மட்டும் கேளுங்க. உதவித்தொகை வேணும்னா விண்ணப்பத்தோடயே கேட்டுடோணும். வெளிநாட்டுப் பசங்க சேர்ந்த பிறகு கேட்டா பல காலேஜுல முடியாதுன்னுடுவாங்க. கடைசித் தேதி பெரும்பாலும் ஜனவரி முதல் வாரத்துல வந்துடும். கார்த்திகைக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்கள் தங்கை