வீழ்ந்தும் தலைகுனியாத வீரர்

கேள்வி: கதைகளில் வருவதுபோல, பெரிய குடும்பத்தில் பிறந்து எல்லாவற்றையும் இழந்த வாள்வீரர் நம் மாத்தளைப் பக்கம் நிஜமாகவே இருந்தாரா? (வாசகர், லக்கல)

பதில்: இருந்தார். கெப்பெட்டிபொல திசாவை, மாத்தளைப் பிரபு குடும்பத்தவர். 1817இல் ஊவாக் கிளர்ச்சியை அடக்க ஆங்கிலேயர் அவரைத் துப்பாக்கிகளோடு அனுப்பினார்கள். அவரோ துப்பாக்கிகளைத் திருப்பி அனுப்பிவிட்டுக் கிளர்ச்சிக்காரரோடு சேர்ந்தார். எதிரியிடமும் கடன் வைக்காத மனிதர்! 1818 நவம்பர் 26இல் கண்டி போகம்பறையில் அவர் தலையை வெட்டினார்கள். மண்டையோடு எடின்பரோவுக்குப் போய், 1954இல்தான் கண்டிக்குத் திரும்பியது. ஆங்கிலேயர் சூட்டிய ‘துரோகி’ப் பட்டம் நீங்க 2016 ஆயிற்று. பதவி போனது, தலையும் போனது. தலைகுனிவு மட்டும் வரவில்லை. கண்டிக்குப் போனால், தலதா மாளிகை அருகே உள்ள அவர் நினைவுத்தூணைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.