மில்லில் திரித்த கிட்

எங்கள் வீட்டுக்குக் கடைத் தூள் வராது. காலி வீதிக்கு ஏறினால் நாலு கடை. நாலிலும் யாழ்ப்பாணத்துக் கறித்தூள் பைக்கற் பைக்கற்றாகத் தொங்கும். “உதுக்குள்ள என்னத்தைப் போட்டு இடிச்சவங்களோ, ஆருக்குத் தெரியும்” என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். செத்தல் மிளகாயைத் தானே காம்பு கிள்ள வேண்டும். மல்லி வேறு, சீரகம் வேறு, மிளகு வேறு, வெந்தயம் வேறாக வறுபட வேண்டும். அன்றைக்கு எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கையில் மூன்றாம் மாடியிலிருந்து கீழ்வீட்டு நாய் வரைக்கும் தும்மும்.

அப்படிப்பட்ட அம்மாதான் 2022 மார்ச்சில் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, திரையில் ஓடிய வரிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏன் தம்பி, உதை ரெடிமேட்டா எடுக்க ஏலாதே?”

உது என்றது கிட். தமிழில் எழுதினால் ஆட்டுக்குட்டியா, முதலுதவிப் பெட்டியா, மென்பொருளா என்று தெரியாத பெயர். நிரல் எழுதுகிறவர்களுடைய கணக்குக் கொப்பி அது. எந்த வரியை, எந்த நாளில், யார், ஏன் மாற்றினார் என்று எல்லாவற்றையும் எழுதி வைக்கும். பிழைத்துப்போனால் நேற்றைக்குத் திரும்பிப் போகலாம். லினக்ஸை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் இதைத் தொடங்கினார். அதுவரை அதே வேலைக்கு லினக்ஸ்காரர் இலவசமாகப் பாவித்த பிட்கீப்பர் என்ற மென்பொருள் கைவிட்டுப் போனது. ஒரு சில நாளில் தானே ஒன்றின் முதல் வடிவத்தை எழுதிவிட்டார். ஆங்கிலேயர் பேச்சில் கிட் என்றால் உதவாக்கரை. என் திட்டங்களுக்கெல்லாம் என் பெயரைத்தான் வைப்பேன், முதலில் லினக்ஸ், இப்போது கிட் என்று அவர் பகிடி விட்டதுண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கொழும்பில் தொண்டர்கள் கூடி சகானா என்ற பேரிடர் நிவாரண மென்பொருளை எழுதத் தொடங்கியபோது கிட் பிறந்தே இருக்கவில்லை. இந்த ஊர்ப் பொடியள் கிட்டுக்கு மூத்தவர்கள் என்பதில் எனக்கொரு சின்னப் பெருமை.

அம்மாவின் கேள்விக்கு வருவோம். என்னுடையது ஒரு அலுவலகம் கழித்துவிட்ட மடிக்கணினி. பற்றரி செத்து இரண்டு வருடம்; வயரைக் கழற்றினால் அந்த நொடியே கண்ணை மூடும். உள்ளே சென்ட்ஓஎஸ் 7. அதனோடு பைக்கற்றாக வரும் கிட் 1.8.3.1, அதாவது 2013ஆம் ஆண்டுச் சரக்கு. டின்மீனுக்குக்கூட அவ்வளவு ஆயுள் கிடையாது. புதுசு வேண்டுமென்றால் மூலநிரலை இறக்கி நானே கட்ட வேண்டும் என்று விளக்கினேன். “வேற ஒருத்தரும் கட்டி வைச்சிருக்கேல்லையோ?” என்றார். வைத்திருக்கிறார்கள்தான். வெளிக் களஞ்சியங்களில் புதிய பைக்கற் கிடைக்கும். “அதுக்குள்ள என்னத்தைப் போட்டுக் கட்டினவங்களோ, ஆருக்குத் தெரியும்” என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் யாருடைய வாயால் பேசினேன் என்று விளங்கியது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. குசினிக்குள் போய்ச் சிரித்தது கேட்டது.

கிட் 2.35.1 சின்னப் பொதிதான், ஏழு எம்பி கூட வராது. அவிழ்த்து, முதலில் ‘கொன்ஃபிகர்’ ஓட விட வேண்டும். அது வீடு வீடாய்ப் போய்ச் சாமான் விசாரிக்கிற கிழவி மாதிரி: சி கொம்பைலர் இருக்கோ, ஓம், பேர்ள் இருக்கோ, ஓம், கேர்ல் இருக்கோ, இல்லை. சத்தம் போடாமல் அடுத்த கேள்விக்குப் போய்விடும். எனக்கும் அந்த ‘இல்லை’ கண்ணில் படவில்லை. பிறகு, கட்டுகிற வேலையைச் செய்யும் ‘மேக்’ கட்டளையைத் தட்டினேன். இருபது வரி கூடப் போகவில்லை, ஸீலிப்பின் தலைப்புக் கோப்பைக் காணோம் என்று நின்றது. வெந்தயம் இல்லாமல் வறுக்கத் தொடங்கியவன் கதை. அதைத் தேடி எடுத்துப் போட்டேன். அந்தக் கையோடு உதவிப் பக்கங்களையும் கட்டலாமென்று ஆசைப்பட்டேன். அதற்கு அஸ்கிடொக் வேண்டும், எக்ஸ்எம்எல்டு வேண்டும், அதுகளுக்கு வேண்டியது இன்னும் பத்து வேண்டும் என்று ஒரு சந்தைப் பட்டியல் வந்தது. ஏழு எம்பி மாப்பிள்ளைக்கு ஊர் முழுக்கச் சொந்தக்காரர். உதவிப் பக்கம் இல்லாமலே சீவிக்கலாம் என்று விட்டேன்.

மேக் ஓடத் தொடங்கியது. மூலநிரலின் ஒவ்வொரு சி கோப்பும் இயந்திரத்துக்கு விளங்கும் ஒரு ஓ கோப்பாகிறது. திரையில் ‘சிசி’, ‘சிசி’ என்று வரி இறங்குகிறது. அந்த நாட்களில் ஊர்களை எழுத்து எழுத்தாகப் பிரித்து, கரண்டை எழுத்து வாரியாக வெட்டிக்கொண்டிருந்தார்கள். மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியாலம். அதற்கு முந்திய நாட்களில் என் எழுத்து எப்போது வரும் என்று பார்த்துத்தான் தொடங்கினேன். இருபது நிமிடம் பிந்தித் தொடங்கியதுதான் பிழை. பாதியில் பொத்தென்று இருட்டு.

மேக் கெட்டிக்காரன், செய்ததைத் திரும்பச் செய்யாது. சி கோப்பைவிட ஓ கோப்பு புதிதென்றால் அந்த வேலை முடிந்தது என்று தாண்டிப் போகும். அந்தக் கெட்டித்தனமே வினை. கரண்ட் போன கணத்தில் எழுதிக்கொண்டிருந்த ஓ கோப்பு ஒன்று வெறும் பூச்சியமாய்க் கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை, ஆனால் திகதி புதிது. மேக் நம்பிவிட்டது. கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துப் பிணைக்கும்போது, இது என்ன கோப்பு, அறுந்துபோயிருக்கிறதே என்று விழுந்தது. நான் அரைநாள் கொம்பைலரைத் திட்டினேன்.

அதே நாளில் அம்மாவின் வறுத்த மிளகாயும் மில்லில் நின்றது. மில்லுக்கும் கரண்ட்தானே. கரண்ட் வந்ததும் என்னைத்தான் அனுப்பினார். “முன்னால ஆர் என்ன திரிச்சவை எண்டு கேள். மாத் திரிச்சிருந்தா, ஒரு பிடி போட்டு ஓட்டிக் கொட்டச் சொல்லு. பேந்துதான் எங்கட தூள்” என்றார். மில்காரர் ஒரு பிடியைப் போட்டு ஓட்ட, வெள்ளையும் சிவப்புமாய் ஒரு கலவை வந்து வாளியில் விழுந்தது. அதைக் கொட்டிவிட்டு, “இனிப் போடுங்கோ” என்றார். தும்மிக்கொண்டு வீட்டுக்கு வந்து ‘மேக் கிளீன்’ அடித்தேன். எல்லா ஓ கோப்பும் போயின. திரும்ப முதலிலிருந்து.

இந்த முறை முடிந்தது. பதிப்பைக் கேட்டேன், 1.8.3.1 என்றது. எனக்கு வியர்த்தது. புதியது என் வீட்டு அடைவில் இருக்கிறது. ஷெல் பழைய பாதையையே நினைவில் வைத்திருக்கிறது. பாதையைத் திருத்தி, ‘ஹாஷ் மைனஸ் ஆர்’ போட்டு மறக்கச் செய்தேன். 2.35.1! அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “வடிவா இருக்கு” என்றார், தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு.

அலுவலகத்து நிரலை எச்டிடிபிஎஸ் வழியாக இறக்கப் போனேன். எச்டிடிபிஎஸ்ஸுக்கான துணை ஆளைக் காணோம் என்றது கிட். கிழவி கேட்ட கேர்ல். நான் கவனிக்காத அந்த ‘இல்லை’. வெளியுலகத்தோடு பேசத் தெரியாத ஒரு கிட்டை இரண்டு நாளாய்க் கட்டி முடித்திருக்கிறேன். இரண்டாம் முறை மேக் கிளீன்.

சனிக்கிழமை கொட்டாஞ்சேனையிலிருந்து சின்னம்மா வந்தார். பஸ் குறைந்த காலம்; புறக்கோட்டையில் மாறி, நின்றபடி வந்த களைப்பு. வந்ததும் புதுத் தூளை உள்ளங்கையில் கொட்டி மணந்தார். “அக்கா, பெருஞ்சீரகம் போடேல்லையோ?” அம்மாவின் தூள் செய்முறைக் கொப்பியைப் பத்து வருடத்துக்கு முந்திப் பிரதி எடுத்துக்கொண்டு போனவர் அவர். சின்னம்மாவின் ஜம்பட்டா வீதி வீட்டில் அந்தப் பிரதியில் பெருஞ்சீரகம் ஏறியது, மல்லி குறைந்தது. இரண்டு கொப்பியையும் மேசையில் விரித்து, ஒவ்வொரு வரியாக வாதாடினார்கள். கிட்டில் இப்படி இரண்டு கிளை மோதினால் அது கையைத் தூக்கிவிட்டு, நீயே தீர்த்துக்கொள் என்று இரண்டு வரியையும் அடையாளம் போட்டுக் காட்டும். நானும் கையைத் தூக்கிவிட்டு அறைக்குள் போனேன்.

அன்று இரவு கேர்லோடு கட்டி முடிந்தது. நிரல் இறங்கியது. ஏப்ரல் 12, சித்திரை வருடப்பிறப்புக்கு இரண்டு நாள் முந்தி, பாதுகாப்புத் திருத்தத்தோடு கிட் 2.35.2 வெளியானது. செய்தியை வாசித்துக்கொண்டிருக்கும்போதே மூக்கு அரித்தது. குசினியில் மிளகாய் வறுபடுகிறது.

“போன மாசம்தானே அம்மா திரிச்சனீங்கள்?”

“சின்னம்மாவுக்கும் சேர்த்துக் குடுத்தாச்சு. இந்த முறை கொஞ்சம் பெருஞ்சீரகம் போட்டுப் பாப்பம்” என்றார். “நீ மில்லுக்குப் போறதுக்கு முன்னால எந்த எழுத்துக்குக் கரண்ட் எண்டு பாத்துச் சொல்லு.”