மலை வீட்டு வாசலில் ஒரு தோணி

மாத்தளையிலிருந்து ரிவர்ஸ்டனுக்குப் போகிறவர்கள் காற்று வாங்கப் போகிறார்கள். ரத்தோட்டை தாண்டிய ஒரு வளைவில் மட்டும் சிலர் வேனை நிறுத்தி இறங்குகிறார்கள். கடலுக்கு எத்தனையோ மைல் தள்ளி, மூடுபனிக்குள், ஒரு வீட்டு வாசலில் ஃபைபர் தோணி கவிழ்ந்து கிடந்தால் யார்தான் நிறுத்த மாட்டார்கள்? தோணி என் தம்பியுடையது.

எங்கள் பரம்பரையில் தண்ணீர் என்றால் மழை, அதோடு அட்டைக்கடி. தேயிலைத் தோட்டத்து லயத்தில் நீந்தத் தெரிந்த ஒருவரும் கிடையாது. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வடக்கு கிழக்குக்குப் போன குடும்பங்களோடு மாமாவும் போய், மட்டக்களப்பு வாவிக்கரையில் குடிசை போட்டார். கொழுந்துக் கூடை தொங்கிய குடும்பத்தில் முதல் தோணி அங்கேதான் வந்தது. லீவுக்குப் போனால் பின்வாசலில் தண்ணீர், தண்ணீரில் தோணி, அதைக் கட்ட ஒரு கண்ணா மரம்.

மரத்தோணி ஒரு சீக்காளி மாமியார். வெயிலில் கிடந்தால் பலகை சுருங்கி இணைப்பு வாய் திறக்கும். நனைந்தால் ஊதித் தானாக அடைத்துக்கொள்ளும். சரி, தண்ணீரிலேயே விட்டுவிடலாமென்றால், உவர்நீரில் மரத்தைத் துளைக்கிற புழு சும்மா இருக்காது. ஆகவே மாமா அவ்வப்போது அதைக் கரையேற்றுவார். அடியில் தென்னோலை கொளுத்திச் சூடு காட்டுவார். ஒட்டியிருக்கிற சிப்பியைச் சுரண்டுவார். பிறகு உளியும் சுத்தியலும் எடுத்து, இணைப்புக்குள் பஞ்சைத் திணித்துக் கலப்பத்துப் போட்டு, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவார். "என் தலைக்கு வச்ச எண்ணெய விட அதுக்கு வச்சதுதான் கூட" என்பார் அத்தை.

மாமா தண்ணீரைத் தேடிப் போன கதை இது. தண்ணீர் எங்களைத் தேடி வந்த கதை வேறு. ரிவர்ஸ்டன் கணவாய்க்கு அந்தப் பக்கம், லக்கலையில், களு கங்கையை மறித்தார்கள். 2007இல் மொரகஹகந்த நீர்த்தேக்கத்தோடு சேர்த்து அடிக்கல். 2018இல் நீர் நிரப்பினார்கள். 24 கோடி கன மீட்டருக்கு மேல் கொள்ளும். நாங்கள் பஸ்ஸில் போய் இறங்கித் தேத்தண்ணி குடித்த பழைய பல்லேகம டவுன் அதற்கடியில். தம்பி அங்குள்ள கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து, திலாப்பியா பிடிக்கவென்று பழைய தோணி ஒன்றை வாங்கினான். நீர்த்தேக்கக் கரையில் வீடு கட்ட விடமாட்டார்கள். எனவே வேலை இல்லாத மாதங்களில் தோணி லொறியேறி மலைக்கு வருகிறது. உச்சியில் குடையைப் பிடுங்குகிற காற்றில், கயிறு போட்டு இறுக்கிய தோணியின் மேல் இரண்டு ஆட்கள் படுத்துக்கொண்டு வருவார்கள். படகுச் சவாரிக்குக் காசு கொடுக்கிறவர்கள் இதையும் ஒருமுறை பார்க்கலாம்.

"ஃபைபர்தானே, ஒன்றும் பார்க்கத் தேவையில்லை" என்றுதான் விற்றவர் சொன்னார். முதல் வருஷமே அடி கீறியது. கீறலைத் தேய்த்து, கண்ணாடி நார்ப் பாயை வெட்டி வைத்து, ரெசினில் ஹார்ட்னர் கலந்து பூசினான் தம்பி. மறுநாள் பார்த்தால் பிசுபிசுப்பு. அதற்கு மறுநாளும் விரல் ஒட்டியது. அந்தச் சாமானுக்குச் சூடும் காய்ந்த காற்றும் வேண்டும்; எங்கள் வாசலில் இரண்டும் இல்லை. கணவாய்க்கு அப்பால், வறண்ட பக்கத்தில், வெயில் கொளுத்துகிறது. தோணி திரும்ப லொறி ஏறியது.

மாமாவிடம் ஃபோனில் சொன்னேன். எண்பதைத் தாண்டியவர். "தண்ணில அமுக்கி வைங்க, தானா அடைச்சிக்கும்" என்றார்.

இப்போது தம்பி வானத்தைப் பார்ப்பதில்லை, விவசாயச் செய்தி பார்க்கிறான். களு கங்கைத் தண்ணீர் சுரங்கம் வழியாக மொரகஹகந்தவுக்குப் போய், அங்கிருந்து வடமத்திய மாகாணத்துக்கு இறங்குகிறது. அந்தப் பக்கத்து வயல்களுக்கு நீர் திறந்தால் களு கங்கை நீர்த்தேக்கத்தில் கரை பின்வாங்கும். நேற்றுக் கட்டிய தோணி இன்று சேற்றில் உட்கார்ந்திருக்கும். யல போகம் தொடங்கப்போகிறதாம். லொறிக்காரருக்குச் சொல்லி வைத்தாயிற்று.